கறுத்துப்போன உருவப்படத்தைத் துடைக்கும் முன்

கேள்வி: மயிலாப்பூரில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் கொள்ளுத்தாத்தாவின் ஆயில் பெயின்டிங் ஒன்று இருக்கிறது. நான்கடிக்கு மூன்றடி, தேக்குச் சட்டம். பெரிய செல்வந்தர், சிலை, ஓவியம், ஏடு என்று தேடித்தேடிச் சேர்த்தவர், ஓவியர்களையும் வித்வான்களையும் வீட்டில் வைத்து ஆதரித்தவர். 1915 வாக்கில் வரைந்தது என்று சொல்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், கழுத்தில் ராவ் பகதூர் பதக்கம். முகமும் கைகளும்தான் தெரிகின்றன, பின்னால் எல்லாம் ஒரே கறுப்பு. நெற்றியில் வருஷக்கணக்காக இட்ட சந்தனமும் குங்குமமும் இருக்கின்றன. கேன்வாஸ் தொளதொளவென்று தொங்குகிறது, அங்கங்கே வெடிப்பு. வீட்டை இடித்து அடுக்ககம் கட்டப் போகிறார்கள், படம் பெசன்ட் நகர் ஃபிளாட்டுக்குப் போகிறது. ஆளிவிதை எண்ணெய் தடவினால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள், தடவலாமா? அமெரிக்காவில் இருக்கும் அக்கா படத்தைத் தன்னோடு கொண்டுபோகக் கேட்கிறார், முடியுமா?

பதில்:

எண்ணெய் தடவாதீர்கள். தடவிய அன்று பளிச்சென்றுதான் இருக்கும்; தண்ணீர் பட்ட கருங்கல்லில் நிறம் தூக்கலாகத் தெரிகிறதே, அதே கதைதான். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துத் தோல் போல இறுகும். சில வருஷத்தில் பழுப்பாகும். அதற்குள் வெடிப்புகளில் இறங்கியிருக்கும். ஓவியர் வண்ணம் குழைத்ததும் பெரும்பாலும் அதே எண்ணெயில்தான். அதனால் பிறகு இந்த மேற்பூச்சைக் கரைக்க எதைப் போட்டாலும் அடியிலுள்ள ஓவியமும் சேர்ந்து கரையப் பார்க்கும். தேங்காய் எண்ணெய் இறுகவே இறுகாது, பிசுக்காக நின்று தெருப் புழுதியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்லெண்ணெய் பாதி இறுகிப் பாதி நிற்கும். மூன்றுமே வேண்டாம்.

துடைப்பதைப் பற்றி யோசிக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் படத்தில் முகத்தைவிட அதிகம் காப்பாற்ற வேண்டியது அந்தக் கறுப்பைத்தான். சேகரிப்பாளர் ஒருவரை வரையும்போது அவர் சேர்த்த பொருள்களையும் கூட வைத்து வரைவது பழைய வழக்கம். வெனிஸ் வணிகர் ஆந்திரேயா ஒதோனியை லொரென்ஸோ லோத்தோ 1527-இல் வரைந்த படம் இன்று இங்கிலாந்து அரச சேகரிப்பில் இருக்கிறது. சுற்றிலும் பழங்காலச் சிலைகள், நீட்டிய கையில் சின்னதாக ஒரு தேவதைச் சிலை. மார்பில் வைத்திருக்கும் மற்றக் கையில் ஒரு பொன் சிலுவை இருப்பது 1990-களில் படத்தைச் சுத்தம் செய்தபோதுதான் தெரியவந்தது. அதுவரை அது மேற்பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்தது. ஒரு சேகரிப்பாளரின் படத்துக்கே அர்த்தம் மாறிப்போகிற அளவுக்கு ஒரு பொருள் பல காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு செப்புத் திருமேனி, சுவரில் ஒரு தஞ்சாவூர்ப் படம் என்று ஏதாவது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அந்த இருட்டுப் பகுதிதான் துடைப்பதில் முதலில் போகும். முகத்தையும் கைகளையும் ஓவியர் ஈய வெள்ளை கலந்து கெட்டியாகப் போட்டிருப்பார், அது உறுதியான பூச்சு. பின்புலத்தில் அம்பர் மாதிரி பழுப்பு நிறங்களை, பல சமயம் பிசின் கலந்து, கண்ணாடி போல மெல்லிசாக இழுத்திருப்பார். அந்தக் காலத்தில் தார் போன்ற ஒரு பழுப்பையும் சிலர் பயன்படுத்தினார்கள். அது சரியாகக் காயாமல் முதலைத் தோல் மாதிரி அகல அகலமாக வெடிக்கும். டர்பன்டைன் நனைத்த பஞ்சை இதன்மேல் ஓட்டினால் பஞ்சில் பழுப்பு வரும். அழுக்கு போகிறது என்ற சந்தோஷத்தில் இன்னும் தேய்ப்பார்கள். முதல் பஞ்சில் வருவது புகையும் புழுதியும், இரண்டாவதில் வருவது வார்னிஷ், மூன்றாவதில் வருவது ஓவியம். மூன்றும் ஒரே பழுப்பு, கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல படங்கள் முக்காலியையும் சிலையையும் இழந்து, வெறும் தலையும் கையுமாக மிஞ்சுவது இப்படித்தான்.

உங்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. வீட்டில் பரம்பரைச் சிலைகள் இன்னும் இருந்தால், அவை எப்போதிலிருந்து குடும்பத்தில் இருக்கின்றன என்பதற்குச் சான்று தேவைப்படும். சிலைத் திருட்டைத் தடுக்கத் தனிப் போலீஸ் பிரிவே வைத்திருக்கும் மாநிலம் இது. தேதி தெரிந்த ஒரு ஓவியத்தில் அந்தச் சிலை தெரிந்தால் அது வலுவான துணைச் சான்று. ஓவியர் தன் பட்டறையில் கிடந்த பொருளை வைத்தும் வரைந்திருக்கலாம் என்பதால் அது மட்டும் போதாது. பழைய புகைப்படம், பாகப் பிரிவினைப் பத்திரம் இவற்றோடு சேர்த்துப் பாருங்கள்.

இனி வேலைக்கு வருவோம். படத்தை இரண்டு பேராக இறக்குங்கள். பக்கவாட்டுச் சட்டங்களைப் பிடியுங்கள், மேல்சட்டத்தைப் பிடித்துத் தூக்கினால் பழைய மூட்டு கழன்றுவிடும். கேன்வாஸின் பின்புறத்தில் விரல் பட வேண்டாம். பின்னால் விரல் அழுத்தின இடத்தில் பல வருஷம் கழித்து முன்பக்கம் வட்ட வட்டமாக வெடிப்பு வரும். மேஜையில் கம்பளி விரித்து, முகம் மேலே பார்க்கப் படுக்க வையுங்கள். இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் படத்தின் ஓரமாகக் கிட்டத்தட்டக் கிடையாகப் பிடித்து நாலு பக்கமிருந்தும் பாருங்கள். நேரே பார்த்தால் தெரியாத உப்பலும் தூக்கிக்கொண்டு நிற்கும் செதிலும் நிழல் விழுந்து தெரியும். அப்படியே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டுப் பகுதியை எக்ஸ்போஷர் கூட்டித் தனியாக எடுங்கள். சிலையின் ஓரம், ஒரு சட்டத்தின் பொன் கோடு, அதிலேயே சில சமயம் வெளிப்பட்டுவிடும்.

செதில் எதுவும் தூக்கவில்லை என்றால் மட்டும் படத்தை நிமிர்த்திப் பின்புறம் பாருங்கள். வின்ஸர் அண்ட் நியூட்டன், ரீவ்ஸ், ரவுனி போன்ற லண்டன் கம்பெனிகளின் முத்திரை கேன்வாஸில் குத்தியிருக்கலாம். முகவரியோடு படம் எடுத்து வையுங்கள், காலம் கணிக்க உதவும். கேன்வாஸை உட்சட்டத்தில் சின்ன இரும்பு ஆணி அடித்து இழுத்திருந்தால் பழையது. ஸ்டேப்ளர் பின் இருந்தால் படமே பிந்தியது, அல்லது பின்னால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். நாலு மூலையிலும் சின்ன மர ஆப்புகள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். மூலைக்கு இரண்டாக எட்டு இருக்க வேண்டும். மரத்தூள் மாதிரி மாவு கொட்டியிருந்தால் உளு விழுந்திருக்கிறது. கரையான் மண் இருக்கிறதா என்றும் பாருங்கள். மருந்து, மண்ணெண்ணெய் எதையும் நீங்களாக அடிக்காதீர்கள்.

அடுத்து, அது உண்மையில் ஓவியம்தானா? இதைக் கேட்பதில் தப்பில்லை. அக்காலச் செல்வந்தர் வீடுகளில் ஆயில் பெயின்டிங் என்று தொங்குபவற்றில் கணிசமானவை, பெரிதாக்கிய புகைப்படத்தின்மேல் வண்ணம் தீட்டியவை. நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கிக் கன்னத்தையும் ஜரிகைக் கரையையும் பாருங்கள். ஜரிகையில் வண்ணம் மேடாக நின்று, முகத்தில் பிரஷ் தடமே இல்லாமல் வழவழவென்று சாம்பல் நிறம் அடியில் தெரிந்தால் அது புகைப்படம். அதன்மேல் ஒரு சொட்டு ஈரம் பட்டால்கூட அடியிலுள்ள ஜெலட்டின் ஊறிவிடும். ஒலியோகிராஃப் என்ற அச்சுப்படமாக இருந்தால் சின்னச் சின்னப் புள்ளிகளாக நிறம் தெரியும், ஆனால் தனிமனிதர் உருவப்படத்தில் அது அபூர்வம்.

கழுத்துப் பதக்கம் உங்களுக்கு நல்ல சாட்சி. ராவ் பகதூர் போன்ற பட்டங்களுக்கு அணியும் பதக்கம் 1911 டிசம்பரில்தான் ஏற்படுத்தப்பட்டது. ஆகவே பதக்கத்தோடு வரைந்த படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பதக்கத்தின் நடுவில் மன்னர் தலை இருக்கும். ஐந்தாம் ஜார்ஜுக்குத் தாடி உண்டு, ஆறாம் ஜார்ஜுக்கு இல்லை. லென்ஸில் தாடி தெரிந்தால் 1915 என்பது பொருந்திவருகிறது. பட்டம் கிடைத்த பிறகு பழைய படத்தில் பதக்கத்தை மட்டும் சேர்க்கச் சொல்வதும் நடந்திருக்கிறது. 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்றை இருட்டு அறையில், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடித்துப் பாருங்கள். பழைய பிசின் வார்னிஷ் பச்சையாக ஒளிரும். அதன்மேல் பிற்காலத்தில் போட்ட வண்ணம் கறுப்புத் திட்டாகத் தெரியும். கையெழுத்தையும் இப்படியே சோதியுங்கள், முக்கியமாக அது ரவி வர்மா என்று இருந்தால். லென்ஸில் பார்க்கும்போது எழுத்தின் வண்ணம் வெடிப்புக்குள் வழிந்து இறங்கியிருந்தால், படம் வெடித்த பிறகு எழுதியது என்று அர்த்தம். ரவி வர்மா 1906-இல் காலமானவர் என்பதால் 1915 படத்தில் அந்தப் பெயர் இருக்கவே கூடாது. பெயர் தெரியாத ஓவியர் என்றால் மதிப்பு குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அலெக்ஸாண்டர் ஹன்டர் 1850-இல் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று உருவப்படத்தில் கைதேர்ந்தவர்கள் பலர்.

ஈரத் துணி ஏன் கூடாது என்பதற்குப் படத்தின் கட்டுமானம் தெரிய வேண்டும். கீழே கேன்வாஸ் துணி. அதன்மேல் வஜ்ஜிரம், அதாவது தச்சர்கள் காய்ச்சும் விலங்குப் பசை, மெல்லிசாக. அதன்மேல் வெள்ளைப் பூச்சு, பிறகு வண்ணம், கடைசியில் வார்னிஷ். தண்ணீர் வெடிப்பு வழியாக இறங்கி வஜ்ஜிரத்தைத் தொட்டால் அது ஊறி, மேலே உள்ளதை எல்லாம் செதில் செதிலாகத் தூக்கிவிடும். துடைத்த அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத் தரையில் வண்ணத் துணுக்கு கிடக்கும்போதுதான் தெரியும். உருளைக்கிழங்கு, வெங்காயம், எலுமிச்சை, சோப்புத் தண்ணீர், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

நெற்றிச் சந்தனத்தையும் குங்குமத்தையும் சுரண்டாதீர்கள். சந்தனத்தை நீரில் குழைத்து இட்டிருப்பதால் அந்த இடத்தில் மட்டும் வஜ்ஜிரம் ஏற்கெனவே பல தடவை ஊறிக் காய்ந்திருக்கும், பூச்சு அங்கேதான் பலவீனம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய குங்குமத்தில் காரம் உண்டு. இன்றைய கடைக் குங்குமம் சிலவற்றில் செயற்கைச் சாயம் உண்டு, ஸ்பிரிட் பட்டால் அது கன்னம் வரை பரவும். பொடியாக உதிர்வதை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள், பொட்டு அப்படியே இருக்கட்டும். மாலையும் அப்படித்தான். பூவின் ஈரம் மார்பு வழியாகக் கீழ்ச்சட்டத்தில் இறங்கித் தேங்கும், நாரும் கம்பியும் கீறும். சந்தனச் சிராய் மாலை காற்றில் ஆடி ஒரே இடத்தில் உரசும். திவசத்துக்கும் தை அமாவாசைக்கும் பொட்டிட்டு, மாலை போட்டு, விளக்கேற்றக் கண்ணாடி போட்ட ஒரு நல்ல பிரதியைப் பூஜை அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்யக்கூடியது ஒன்றுதான்: மிக மென்மையான முடியுள்ள இரண்டங்குல பிரஷ்ஷால், அழுத்தாமல், மேலிருந்து கீழாகத் தூசி தட்டுவது. செதில் தூக்கிய இடத்தை விட்டுவிடுங்கள். உதிர்ந்த துணுக்குகளை பட்டர் பேப்பரில் மடித்து, எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதி வையுங்கள். ஒட்டி வைக்க முடியும். வெள்ளையாக நீலம் பாரித்த மூட்டம் சீராகப் பரவியிருந்தால் அது வார்னிஷ் ஈரம் குடித்ததால் வந்தது, பயமில்லை. புள்ளி புள்ளியாக, டார்ச் வெளிச்சத்தில் பஞ்சு போலத் தெரிந்தால் பூஞ்சை. அந்தப் படத்தை மற்றப் படங்களிலிருந்து பிரித்துக் காற்றோட்டமான உலர்ந்த அறையில் வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். சட்டத்தில் தங்க ரேக் ஒட்டியிருந்தால், ஈரத் துணியால் துடைத்ததும் அது கையோடு வந்துவிடும். கோல்டு பெயின்ட் அடித்துச் சரிசெய்தால் கொஞ்ச நாளில் கறுக்கும்.

மற்றதெல்லாம் பயிற்சி பெற்ற ஓவியப் பாதுகாப்பு நிபுணரின் வேலை. ஃபிரேம் கடைக்காரரும் சரி, படம் வரையும் நண்பரும் சரி, இதற்கு ஆள் இல்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லிருந்தே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது, முதலில் அங்கே போய் வழி கேளுங்கள். யாரிடம் கொடுத்தாலும் முதலில் எழுத்தில் நிலை அறிக்கை வாங்குங்கள். ஓரத்தில் அரை அங்குலத்துக்கும் குறைவான இடத்தில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், இருட்டுப் பகுதிக்குத் தனிச் சோதனை. முகத்தில் ஒத்துக்கொண்ட கரைசல் அங்கே ஒத்துக்கொள்ளும் என்று இல்லை. அகச்சிவப்புப் புகைப்படம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள், கறுப்புக்குள் இருப்பது அதில் தெரிய வாய்ப்புண்டு. பழைய வார்னிஷை முழுக்க எடுக்காமல் மெலிதாக்கினால் போதும் என்று சொல்லுங்கள். வண்ணம் உதிர்ந்த பள்ளத்தில் மட்டும், பிறகு எடுக்கக்கூடிய வண்ணம் போட வேண்டும். "முகத்தைப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பின்னால் இன்னொரு துணி ஒட்டுவதாகச் சொன்னாலும் ஏன் என்று கேளுங்கள். கிழிசலோ துணி மக்கியதோ இல்லாமல் அது தேவையில்லை.

கேன்வாஸ் தொய்வுக்கு ஆப்பை அடித்து இறுக்கத் தோன்றும், வேண்டாம். ஈரக் காற்றில் வஜ்ஜிரம் நெகிழ்ந்து கேன்வாஸ் தொய்யும், உலர்ந்தால் விறைத்து இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தொய்ந்த துணியை ஆப்படித்து இறுக்கினால், பங்குனி வெயிலில் அது இன்னும் இழுத்து வண்ணம் வெடிக்கும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் வேறொரு கஷ்டம்: துணி இழையே ஊறிச் சுருங்கும், மேலே உள்ள பூச்சுக்கு இடம் போதாமல் கூரை மாதிரி தூக்கும். சென்னையில் படத்தைக் கெடுப்பது ஈரத்தைவிட ஏற்ற இறக்கம்தான். இரவு ஆறு மணி நேரம் ஏசி, பகலில் கடற்காற்று என்று தினமும் மாறும் படுக்கையறையைவிட, ஏசியே இல்லாத நடுக்கூடம் நல்லது. ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கி மாட்டப்போகும் சுவரில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். 50 முதல் 65-க்குள் மெதுவாக ஏறி இறங்கினால் போதும்.

மாற்றுவதைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். செதில் தூக்கியிருந்தால் கிடையாகவே கொண்டுபோக வேண்டும், முகத்தின்மேல் எதுவும் படக்கூடாது. நன்றாக இருந்தால் நிமிர்த்தி, வண்டி போகும் திசைக்கு இணையாகக் கட்டுங்கள். பபிள் ராப்பின் குமிழ் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்பக்கம் இருந்தால் வெயில் சூட்டில் வார்னிஷில் வட்ட வட்டமாகப் பதிந்துவிடும்.

பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த பால்கனிக்கு நேரே மாட்டாதீர்கள். உப்புத் தூள் ஈரத்தை இழுக்கும், ஆணி துருவேறும், துருப் பட்ட துணி மக்கும். மழை அடிக்கும் வெளிச்சுவர், குளியலறைச் சுவர், சமையலறை வாசல், ஏசிக் காற்று விழும் இடம் எதுவும் வேண்டாம். படத்தின் பின்னால் சன்பேக் ஷீட் (உள்ளே குழல் குழலாக இருக்கும் லேசான பிளாஸ்டிக் பலகை) ஒன்றைப் பித்தளைத் திருகால் உட்சட்டத்தில் மாட்டினால் தூசி, பல்லி, விரல் எல்லாவற்றிலிருந்தும் காப்பு. கீழ் மூலைகளில் அரை அங்குலத் தக்கை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடும். எடை தெரியாமல் ஆணி அடிக்காதீர்கள், தேக்குச் சட்டத்தோடு இருபது கிலோகூட இருக்கும். இரண்டு வளையம், சுவரில் பிளக் போட்ட இரண்டு கொக்கி, ஸ்டெயின்லெஸ் கம்பி. பழைய வீடுகளில் இப்படிப்பட்ட படங்கள் வாசற்படிக்கு மேல் முன்னால் சாய்ந்து தொங்குமே, அதற்குக் காரணம் இருந்தது: தூசி முகத்தில் படியாது, நிமிர்ந்து பார்ப்பவருக்குக் கண் கூசாது. முடிந்தால் உங்கள் படத்தையும் அப்படியே சாய்த்து மாட்டுங்கள். சட்டத்தில் மாட்டும் குண்டு பல்பு வேண்டாம், தள்ளி நின்று அடிக்கும் எல்இடி போதும், படத்தில் விழும் வெளிச்சம் 200 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு).

அக்காவின் கேள்விக்கு: முடியாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி நூறு வயதான ஓவியம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிவு செய்யவும் வேண்டும், பின்னால் குடும்பத்துக்குள் கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். உங்கள் படம் 1915-ஐச் சேர்ந்தது என்றால் இந்த வரம்பைத் தாண்டிவிட்டது. நூறு வயது ஆகவில்லை என்று தெரியவந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் வாங்கிய பிறகே அனுப்பலாம்.

பிரதி எடுத்து அனுப்பத் தடை எதுவும் இல்லை. கூலி கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. நிபுணர் சுத்தம் செய்து முடித்ததும், புதிய வார்னிஷ் பூசும் முன், மினுமினுப்பு இல்லாத அந்தச் சில நாளில் நல்ல கேமராவில் முழு அளவுக்கு எடுக்கச் சொல்லுங்கள். அக்காவுக்கு ஒன்றும் பூஜை அறைக்கு ஒன்றும் அந்த ஒரே ஃபைலில் அச்சிட்டுக்கொள்ளலாம்.